மாடித்தோட்ட விளைச்சலுக்குக் கணக்கு வைப்பது எப்படி?

கேள்வி: ஆடிப்பட்டத்தில் 12 பைகளில் விதைத்த வெண்டையும் கத்தரியும் நன்றாகக் காய்க்கின்றன. பறித்தவுடன் சமையலுக்குப் போய்விடுவதால், எந்தப் பை எவ்வளவு தந்தது என்பது தெரியவில்லை. எப்படிக் குறித்து வைக்கலாம்?

பதில் 1: பைகளுக்கு எண் எழுதி, பறித்த கையோடு சமையலறைத் தராசில் நிறுத்து, மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்திலேயே எழுதிவிடுங்கள் ஐயா. வெண்டையை ஓரிரு நாள் தாமதித்துப் பறித்தால் எடை கூடும், ஆனால் நார் ஏறிவிடும். ஆகவே முற்றலைத் தனியே குறியுங்கள்.

பதில் 2: எடை மட்டும் போதாது என்பது என் கருத்து. ரகம், விதைத்த நாள், முதல் காய் பறித்த நாள் ஆகியவற்றையும் எழுதினால்தான் அடுத்த பட்டத்தோடு ஒப்பிட முடியும். என் பப்பாளியில் அணில் கொறித்த பழங்களையும் விடாமல் எண்ணுகிறேன், ஏனெனில் மரம் தந்தது வேறு, நமக்குக் கிடைத்தது வேறு.

கேட்டவர்: சொத்தைக் கத்தரியையும் சேர்க்க வேண்டுமா?

பதில் 1: தனிப் பத்தியில் சேருங்கள். காய்த்துளைப்பான் எந்த வாரத்தில் பெருகியது என்பதை அதுவே காட்டும்.