காம்ப்பெல் தாத்தா ஸ்காட்லாந்தா, அயர்லாந்தா? தேடல் நின்றுவிட்டது, உதவுங்கள்

மெல்பர்ன் மருமகள்:
வணக்கம். என் மாமியாருக்கு 84 வயது. அவருடைய கொள்ளுத் தாத்தா தங்கம் கிடைத்த 1850களில் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கு வந்து, 1886இல் பல்லாரட்டில் இறந்தவர். குடும்பப் பெயர் காம்ப்பெல். "நாம் ஸ்காட்லாந்துக்காரர்கள்" என்று கேட்டே மாமியார் வளர்ந்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் பழைய பதிவுகள் உள்ள ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் தளத்தில் பணம் கட்டித் தேடினேன். அத்தனை காம்ப்பெல்களில் இவர் யார் என்று பிடிபடவில்லை. வீட்டுப் பழைய பைபிளில் 'ஆன்ட்ரிம்' என்று எழுதியிருக்கிறது. அது அயர்லாந்தில் அல்லவா? 1851 அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்கிலும் அவர் இல்லை. மாமியார் நன்றாக இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும்.

பதிவேட்டுப் பிரியன்:
சகோதரி, 1851 கணக்கில் கிடைக்காதது உங்கள் தவறில்லை. 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் அதில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. ஆன்ட்ரிமில் சில வட்டாரங்களின் ஏடுகள் மட்டும் தப்பின.

கடல் தாண்டும் முன் விக்டோரியாவிலேயே தேடுங்கள். இங்கே 1853 முதல் அரசுப் பதிவு உண்டு. இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், எங்கே மணம் செய்தார், காலனியில் எத்தனை வருடம் இருந்தார் என்பதெல்லாம் வரும். ஆனால் அது மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லி எழுதியதாக இருக்கும், தவறு சகஜம். பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்குப் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான் தகவல் தந்திருப்பார்கள். ஆகவே இங்கே பிறந்த எல்லாப் பிள்ளைகளுடையதையும் வாங்குங்கள். ஒன்றில் 'அயர்லாந்து' என்று மட்டும் இருக்கும், இன்னொன்றில் ஊரே இருக்கும்.

கடலோடி:
குடும்பம் எந்தத் திருச்சபை? பிரஸ்பிட்டீரியன் (ஸ்காட்லாந்தில் வேரூன்றிய புராட்டஸ்டன்ட் பிரிவு) என்றால் மாமியார் சொல்வதும் பைபிளும் இரண்டுமே சரியாக இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் குடியேறினார்கள், ஆன்ட்ரிம் அங்கேதான் இருக்கிறது. ஆன்ட்ரிமிலிருந்து ஸ்காட்லாந்துக் கரை கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். இருநூறு வருடம் அயர்லாந்தில் இருந்தும் தங்களை ஸ்காட்லாந்துக்காரர் என்றே சொல்லிக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

மெல்பர்ன் மருமகள்:
பிரஸ்பிட்டீரியன்தான்! மூன்றாவது மகளின் சான்றிதழில் பெற்றோரின் திருமணம் 'பாலிமனா, 1852' என்று இருக்கிறது. மற்ற இரண்டிலும் வெறும் அயர்லாந்து.

பதிவேட்டுப் பிரியன்:
அருமை. பாலிமனா ஆன்ட்ரிமில் உள்ள ஊர்தான். அயர்லாந்தில் எல்லாருக்குமான பதிவு 1864இல்தான் தொடங்கியது. ஆனால் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் 1845 ஏப்ரலிலிருந்தே பதிவாயின, அதனால் இந்தத் திருமணம் கிடைக்க நல்ல வாய்ப்பு. மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் அதில் இருக்கும், குடியிருந்த டவுன்லேண்டும் (அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவு) பெரும்பாலும் இருக்கும். டவுன்லேண்ட் தெரிந்ததும் 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் (வரிக்காக நிலம், வீடு வைத்திருந்தவர்களைப் பெயரோடு பட்டியலிட்டது) அந்த அப்பாவைத் தேடுங்கள். திருச்சபை ஏடுகளின் நகல்களுக்கு பெல்ஃபாஸ்ட்டில் பிரோனி என்ற வட அயர்லாந்து அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

மெல்பர்ன் மருமகள்:
திருமணப் பதிவு வந்துவிட்டது. மணமகனின் அப்பா நெசவாளர். மாமியாரிடம் படித்துக் காட்டினேன், இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொன்னார். டவுன்லேண்ட் பெயரின் முதல் எழுத்து மட்டும் கே என்றும் தெரிகிறது, ஆர் என்றும் தெரிகிறது. படம் போடுகிறேன், பழைய கையெழுத்து பழக்கமானவர்கள் பார்த்துச் சொல்வீர்களா?