கமலா அத்தை லேப்டாப்பில் சத்தம் வரவில்லை

[குழு: நம்ம வீடு, சனிக்கிழமை]

காலை 10.12
கமலா அத்தை: தம்பி பிரபு, லேப்டாப்பில் சத்தம் சுத்தமாக வரவில்லைப்பா. நேற்று மாலை நன்றாகத்தான் இருந்தது, இன்று பிள்ளைகள் பாடி அனுப்பியதைக் கேட்கலாம் என்று திறந்தால் ஒன்றும் கேட்கவில்லை, ஹெட்போன் மாட்டியும் பார்த்துவிட்டேன். சாயங்காலம் 6 மணிக்குத் தேவார வகுப்பு இருக்கிறது.

ரவி சித்தப்பா: வால்யூம் குறைந்திருக்கும் அக்கா, கூட்டிப் பாருங்கள்.

கமலா அத்தை: முழுசாக வைத்திருக்கிறேன் ரவி.

பிரபு: அத்தை, கீழே ஓரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் வலது கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸ் திறங்கள். அவுட்புட் என்ற இடத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது?

கமலா அத்தை: டம்மி அவுட்புட் என்று ஒன்றுதான் இருக்கிறது.

பிரபு: சரி, அது நல்ல துப்பு. பாட்டு ஓடும்போது சத்தம் முதலில் பைப்வயர் என்ற நிரலுக்குப் போகும், அது கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், இருக்கும் ஆல்சா டிரைவரிடம் கொடுக்கும், டிரைவர் என்பது வன்பொருளை இயக்கும் நிரல், அதுதான் சவுண்ட் சிப்போடு பேசும். டம்மி அவுட்புட் என்றால், அனுப்புவதற்கு ஒரு கார்டும் கண்ணில் படாமல் பைப்வயர் சும்மா ஒரு பெயரை வைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அதனால் வால்யூமை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை.

ரவி சித்தப்பா: பல்ஸ்ஆடியோ என்ற சவுண்ட் நிரலை அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள், நாலே நாலு கட்டளைதான். அனுப்பட்டுமா?

பிரபு: வேண்டாம் சித்தப்பா, தயவுசெய்து அனுப்பாதீர்கள். அத்தையிடம் இருப்பது லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளம், அது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, அதில் பல்ஸ்ஆடியோ இருந்த இடத்தில் பைப்வயர்தான் ஓடுகிறது. அந்த வீடியோ பழைய பதிப்புக்கு இருக்கும். கோளாறு எந்தப் படியில் என்று தெரியாமல் மேல் படியைக் கலைத்தால் இப்போது ஒன்றாக இருக்கும் பிரச்சினை இரண்டாகிவிடும், நான் போன வருடம் என் கணினியில் அப்படிச் செய்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சுந்தரம் மாமா: தெருமுனைக் கடையில் கேட்டேன் மாப்பிள்ளை. சவுண்ட் சிப் போயிருக்கும், போர்டில் வேலை, 4,500 ஆகும் என்கிறார்.

பிரபு: பொறுங்கள் மாமா, சிப் போயிருக்கிறதா என்பதைக் காசு கொடுக்காமலே பார்த்துவிடலாம். அத்தை, சத்தம் தவிர வேறு ஏதாவது வேலை செய்யாமல் இருக்கிறதா?

கமலா அத்தை: இரு பார்க்கிறேன்

கமலா அத்தை: வைஃபை படமே காணோமே! இவ்வளவு நேரம் கவனிக்கவில்லை, ஃபோனில்தான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரபு: அப்படியானால் சிப் போகவில்லை அத்தை. சவுண்ட் சிப் வேறு, வைஃபை கார்டு வேறு, ஒரே ராத்திரியில் இரண்டும் சேர்ந்து கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது டிரைவர்கள்தான். உபுண்டு வழியில் இந்த டிரைவர்களில் நிறைய, லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா என்ற தனிப் பேக்கேஜில், அதாவது நிரல் தொகுப்பில், வரும். அது இல்லாமலும் கணினி நன்றாகத் திறக்கும், திரை வரும், சத்தமும் வைஃபையும் மட்டும் வராது.

பிரபு: இதைச் சோதிக்க ஒரு வழி. ரீஸ்டார்ட் கொடுத்து, கம்பெனி படம் வந்து மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், 6.8 என்று தொடங்கும் எண்கள் உள்ள வரிகளில், இரண்டாவதாக வரும் எண்ணின் வரியைத் தேர்ந்தெடுங்கள், ரிகவரி என்று எழுதியிருப்பது வேண்டாம். அது பழைய கெர்னல், ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவர்கள் தனித்தனியாக இருக்கும்.

காலை 10.40
கமலா அத்தை: கறுப்புத் திரையில் கிரப் என்று மட்டும் வந்து நிற்கிறது, பயமாக இருக்கிறது தம்பி.

பிரபு: பயப்பட வேண்டாம் அத்தை, கிரப் என்பது கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்தான், எஸ்கேப் இரண்டு தடவை விழுந்திருக்கும், எதுவும் அழியவில்லை. பவர் பட்டனைப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள்.

காலை 10.52
கமலா அத்தை: கேட்கிறது கேட்கிறது! வைஃபையும் வந்துவிட்டது. சின்னவள் பாடிய தோடுடைய செவியன் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுந்தரம் மாமா: நல்லவேளை, லேப்டாப்பைக் கடைக்குக் கொடுக்கத் தூக்கிக்கொண்டு கிளம்ப இருந்தேன்.

பிரபு: ரொம்ப சந்தோஷம் அத்தை. ஆனால் இத்தோடு விட்டால் அடுத்த தடவை திறக்கும்போது புதிய கெர்னலே வந்து மறுபடி சத்தம் போய்விடும். மெனுவில், பேக்கேஜ்களைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் சினாப்டிக் என்ற நிரலைத் திறந்து, ஃபைல் என்பதில் ஹிஸ்டரி பாருங்கள். எந்தத் தேதியில் எதை நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்று எல்லாம் அங்கே எழுதியிருக்கும்.

கமலா அத்தை: நேற்று ராத்திரி 11 மணிக்கு ரிமூவ்டு என்று நாலைந்து வரி இருக்கிறது. நான் அப்போது தூங்கிவிட்டேனே.

கார்த்தி: அம்மா, அது நான்தான். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்தது, சினாப்டிக்கில் அளவு வாரியாக அடுக்கி மேலே இருந்த பெரியதை நீக்கினேன். எக்ஸ்ட்ரா என்று பெயர் இருந்ததால் தேவையில்லாதது என்று நினைத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள் அம்மா.

பிரபு: அந்தப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும் கார்த்தி. நீ சொன்னதால் காரணமும் உறுதியாகிவிட்டது. இப்போது நீயே சரிசெய். சினாப்டிக்கில் முதலில் ரீலோட் கொடு, பிறகு லினக்ஸ் ஜெனரிக் என்று தேடி அதை இன்ஸ்டாலுக்குக் குறி, அது தனக்கு வேண்டிய கெர்னலையும் எக்ஸ்ட்ரா பேக்கேஜையும் தானே இழுத்துக்கொள்ளும், கடவுச்சொல் அம்மாவிடம் கேள். முடிந்ததும் சாதாரணமாக ரீஸ்டார்ட்.

காலை 11.35
கார்த்தி: முடிந்தது அண்ணா. எதையும் அழுத்தாமல் திறந்தேன், அவுட்புட்டில் டம்மி போய் ஸ்பீக்கர்ஸ் என்று வந்திருக்கிறது, மைக்கும் வேலை செய்கிறது.

பிரபு: அருமை. டிஸ்க் நிறைந்ததற்கு என்ன காரணம் என்று பார்த்தாயா? மெனுவில் டிஸ்க் யூசேஜ் அனலைசர் இருக்கிறது, எந்த ஃபோல்டர் எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும்.

கார்த்தி: அம்மாவின் வகுப்பு வீடியோக்கள் மட்டும் 61 ஜிபி.

கமலா அத்தை: அதில் ஒன்றையும் அழித்துவிடாதே கார்த்தி, அப்பாவின் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடு. பிரபு, 5.45-க்கு ஒரு தடவை அழைக்கிறேன், என் குரல் தெளிவாக வருகிறதா என்று சொல்லு.

பிரபு: கண்டிப்பாக அத்தை, காத்திருக்கிறேன்.