வீவக கதவுக்கும் கேட்டுக்கும் டிஜிட்டல் பூட்டு: எதைப் பார்த்து வாங்குவது?

பொங்கோல்வாசி:

வணக்கம். சிங்கப்பூர் பொங்கோலில் நாலறை பிடிஓ வீடு (வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், பதிவு செய்தபின் கட்டித் தரும் புது வீடு), அடுத்த மாதம் சாவி கிடைக்கிறது. உள்ளே மரக்கதவு, வெளியே இரும்பு கேட். இரண்டுக்கும் டிஜிட்டல் பூட்டு போடலாம் என்று எண்ணம். வீட்டில் எழுபது கடந்த அம்மா, தொடக்கப்பள்ளி போகும் பையன், இல்லப் பணிப்பெண் எல்லாரும் இருப்பார்கள். கடைகளில் முகம் பார்த்துத் திறக்கும், கேமரா இருக்கிறது, ஆப் இருக்கிறது என்றே சொல்கிறார்கள். உண்மையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? அம்மாவுக்குக் கைரேகை ஒத்துவருமா? பேட்டரி தீர்ந்தால் வெளியே நிற்க வேண்டியதுதானா?

கதவுமரம்:

சகோ, கடைக்குப் போகும் முன் கதவை அளந்துவிடுங்கள். எந்தப் பூட்டு பொருந்தும் என்பதைக் கதவுதான் முடிவு செய்யும். ஆப் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் கதவு தீத்தடுப்புக் கதவா என்று பாருங்கள். வீவக வீடுகளில் பல வாசல் கதவுகள் அரைமணி நேரம் தீயைத் தாங்கும் வகை. கீல் இருக்கும் பக்கத்து விளிம்பில் சான்று ஒட்டப்பட்டிருக்கும். அப்படியானால், அந்த வகைக் கதவில் பொருத்திச் சோதித்த பூட்டைத்தான் வாங்க வேண்டும். விற்பவரிடம் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், "எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கதவுக்குள் புதைத்து வைக்கும் மார்ட்டைஸ் வகைப் பூட்டுக்கு விளிம்பில் ஆழமாகக் குடைய வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் குடைந்தால் நடுவில் உள்ள தீத்தடுப்புப் பொருள் போய்விடும், புகையும் சூடும் அந்த வழியாகத்தான் வரும். கதவின் மேல் தானாக மூடும் கருவி இருந்தால் அதைக் கழற்றச் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அடுத்து, கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பலரும் தவறவிடுவது இதைத்தான். இரண்டையும் மூடிவிட்டு, பூட்டு வரப்போகும் உயரத்தில் கதவின் வெளிமுகத்திலிருந்து கேட்டின் உள்பக்கச் சட்டம் வரை அளக்க வேண்டும். அந்த இடத்துக்குள் இரண்டு பொருள்கள் அடங்க வேண்டும்: கதவுப் பூட்டின் வெளிப்பகுதி, கேட் பூட்டின் உள்பகுதி. உதாரணத்துக்கு, முதலாவது 65 மி.மீ., இரண்டாவது 35 மி.மீ. துருத்தினால் மொத்தம் 100 மி.மீ. அதற்கு மேலும் 10 முதல் 15 மி.மீ. வரை விட்டுவையுங்கள், கேட் கொஞ்சம் ஆடும். இழுத்து-தள்ளும் கைப்பிடி பார்க்க அழகாக இருந்தாலும் அதிகம் துருத்துவது அதுதான். இடம் போதவில்லை என்றால் கதவுக்குக் கைப்பிடி இல்லாத ரிம் வகையை (கதவின் உள்முகத்தில் மேலாகப் பொருத்துவது) பாருங்கள், அல்லது இரண்டு பூட்டையும் வேறு வேறு உயரத்தில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கதவின் தடிமன், சட்டத்தின் அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பழைய பூட்டின் துளைகள் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். புதிய பூட்டின் தகடு பழைய துளையை மூடவில்லை என்றால் தனித் தகடு போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

பேட்டரி விஷயம். பெரும்பாலான பூட்டுகள் நான்கு அல்லது எட்டு ஏஏ அல்கலைன் பேட்டரியில் ஓடும். கையேட்டில் அனுமதி இல்லாமல் ரீசார்ஜ் பேட்டரி போடாதீர்கள். அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 தான், அதனால் புதிதாகப் போட்டதுமே "குறைவு" என்று எச்சரிக்கக்கூடும். லித்தியம் ஏஏவில் சிக்கல் வேறு மாதிரி: கடைசிவரை மின்னழுத்தம் இறங்காமல் இருந்து திடீரென்று விழும், எச்சரிக்கைக்கு நேரமே இருக்காது. மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே பிராண்டில் மாற்றுங்கள்.

முழுதும் தீர்ந்தாலும் வெளியே நிற்க வேண்டியதில்லை. பூட்டின் வெளிப்பக்கம் 9 வோல்ட் பேட்டரியை ஒட்ட இரண்டு முனைகளோ யுஎஸ்பி-சி துளையோ இருக்கும். அதில் மின்சாரம் கொடுத்தபடியே பின் எண்ணை (PIN, ரகசிய எண்) அழுத்தினால் திறக்கும். அந்த பேட்டரியை வீட்டுக்குள் வைத்தால் என்ன பயன்? பையிலோ காரிலோ இருக்கட்டும். சாவித்துளை உள்ள மாடல் என்றால் ஒரு சாவியாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

நான்காம்மாடி:

கதவுமரம் சொன்னதோடு ஒன்று. பேட்டரி மாதக்கணக்கில் நிற்க வேண்டியது வாரக்கணக்கில் தீர்கிறது என்றால் பெரும்பாலும் குற்றம் பேட்டரியில் இல்லை. பூட்டின் நாக்கு (வெளியே நீண்டு கதவைப் பூட்டும் துண்டு), சட்டத்தில் உள்ள தகட்டில் உரசுகிறது, மோட்டார் ஒவ்வொரு முறையும் முக்கித் தள்ளுகிறது. கதவைத் திறந்து வைத்துப் பூட்டுங்கள், பிறகு மூடிப் பூட்டுங்கள். இரண்டாவது முறை மோட்டார் சத்தம் இழுத்தால் உரசல் இருக்கிறது. நாக்கின் நுனியில் கொஞ்சம் குங்குமம் தடவி மூடிப் பாருங்கள், தகட்டில் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். முதலில் கீல் திருகுகளை இறுக்குங்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் தகட்டை ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்துங்கள். அரம் போட்டு நாக்கைத் தேய்க்கவே கூடாது.

அம்மாவுக்குக் கைரேகையை மட்டும் நம்பாதீர்கள். வயதானவர்களின் விரலில் வரி தேய்ந்திருக்கும், தோல் வறண்டிருக்கும். ஒரே விரலை இரண்டு மூன்று இடங்களில் பதியுங்கள், ஒன்று நேராக, ஒன்று சற்றுச் சாய்த்து. இன்னொரு கை விரலையும் சேருங்கள். சோபாவில் உட்கார்ந்தபடி பூட்டைக் கையில் கொடுத்துப் பதிய வைத்தால் கதவில் மாட்டிய பின் கோணம் மாறி ஏற்காது, அதனால் மாட்டி முடித்த பிறகு நின்றுகொண்டு பதியட்டும். இதற்குமேல் ஓர் அட்டையும் கழுத்துப் பட்டியில் இருக்கட்டும். தொட்டதும் திறக்கும், நினைவில் வைக்க ஒன்றுமில்லை.

பணிப்பெண்ணுக்குத் தனிப் பதிவு, தனி எண். முதன்மைப் பின் எண் உங்களிடம் மட்டும். யாருக்கு எந்த வரிசை எண்ணில் பதிந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அட்டை தொலைந்தால் அந்த ஒரு பதிவை மட்டும் அழிக்கலாம். பட்டியல் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இணையக்காவல்:

ஆப் பற்றி. தொலைவிலிருந்து திறக்கும் வசதி தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பூட்டுக்குள்ளேயே வைஃபை இருந்தால் பேட்டரி சீக்கிரம் போகும். புளூடூத் பூட்டும் வீட்டுக்குள் மின்செருகியில் மாட்டும் இணைப்புப் பெட்டியும் நல்ல ஏற்பாடு. இவை பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும், ரூட்டரில் அதை அணைத்திருந்தால் இணையவே இணையாது.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு (CSA) 2020 முதல் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தை நடத்துகிறது. நான்கு நிலைகள். முதல் நிலையிலேயே எல்லாப் பொருளுக்கும் ஒரே கடவுச்சொல் கொடுத்து விற்கக்கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு வர வேண்டும். ஒரே தரமுள்ள இரண்டு மாடலில் முத்திரை உள்ளதையே எடுங்கள்.

அட்டைகளில் 125 கிலோஹெர்ட்ஸ் வகையைத் தவிருங்கள், அதை மலிவான கருவியாலேயே நகலெடுக்க முடியும். பின் எண்ணுக்கு ஆறு இலக்கத்துக்குக் குறையாமல் வையுங்கள், வீட்டு எண்ணும் பிறந்தநாளும் வேண்டாம். உண்மையான எண்ணுக்கு முன்னும் பின்னும் ஏதாவது அழுத்த அனுமதிக்கும் மாடல் என்றால் எட்டிப் பார்ப்பவருக்கும் திரையில் படிந்த விரல்தடத்துக்கும் பயப்பட வேண்டாம். கேமரா உள்ள பூட்டு எதிர்வீட்டு வாசலைப் பார்த்து நிற்கக் கூடாது, அதைக் கதவை வைத்தே முன்கூட்டிச் சரிபாருங்கள்.

பொங்கோல்வாசி:

மூவருக்கும் நன்றி. எங்கள் தாழ்வாரம் திறந்தது, காற்றோடு மழை வந்தால் கேட் நனையும். கேட்டுக்கு மட்டும் டிஜிட்டல், கதவுக்கு சாதாரணப் பூட்டு என்றால் போதுமா? பணம் கொடுக்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

கதவுமரம்:

நீங்கள் சொன்ன ஏற்பாட்டில் சிக்கல் உண்டு. கேட் கம்பி வழியே கை விட்டு உள்பக்கத் திறப்பை எட்ட முடிந்தால் அந்தப் பூட்டால் பயனில்லை, நெருக்கமான வலையோ தகடோ வேண்டும். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் மரக்கதவுக்கே போடுங்கள். கேட்டுக்கும் போடுவதானால் நீர்காப்புத் தரம் குறிப்பிட்ட, வெளிப்புறத்துக்கென்றே செய்த மாடலாக இருக்கட்டும். தொடுதிரை நனைந்தால் தானே எண் அழுத்தும், பொத்தான் உள்ளது மேல்.

கேட்டை உள்ளிருந்து தொங்குபூட்டால் பூட்டும் பழக்கத்தை விடுங்கள். புகையில் சாவி தேட முடியாது. கதவு, கேட் இரண்டுமே உள்ளிருந்து எண்ணோ சாவியோ இல்லாமல், பேட்டரி இல்லாமலும் கைப்பிடியைத் திருப்பித் திறக்க வேண்டும். பையன் தானாகத் திறந்து வெளியே போய்விடுவான் என்று கவலையாக இருந்தால் பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்பும் கைப்பிடியைக் கேளுங்கள்.

மாட்டுபவர் கிளம்பும் முன் அவர் கண்ணெதிரே இதைச் செய்யுங்கள். கதவு திறந்திருக்கும்போது பூட்டு தானாக நாக்கை நீட்டுகிறதா பாருங்கள். நீட்டினால் மூடியதை உணரும் சென்சார் இல்லை, அல்லது அந்த சென்சாருக்கான காந்தம் தள்ளி இருக்கிறது. கேட்டை மூடிவிட்டுக் கதவை முழுதும் திறந்து மூடுங்கள், எதுவும் இடிக்கக் கூடாது. எல்லா பேட்டரியையும் கழற்றி, அவசர மின்சாரத்தில் வெளியிலிருந்து திறங்கள். அடுத்து சாவியால் திறங்கள். பேட்டரி இல்லாமலே உள்ளிருந்தும் திறங்கள். கடைசியாக, அவர் சோதனைக்காகப் போட்ட பின் எண்ணையும் விரல் பதிவையும் அழித்து, முதன்மைப் பின் எண்ணை நீங்களே மாற்றுங்கள்.