மனசு ஒடிஞ்சு கெடந்தப்போ நடக்கப் போனது: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

அம்மா போன புதுசுல ராத்திரி 3 மணிக்கு டக்குனு முழிப்பு வந்துரும். அவங்களுக்கு மாத்திரை குடுக்குற நேரம் அது, கை தானா தண்ணி டம்ளரைத் தேடும், அப்புறம்தான் ஞாபகம் வரும். அதுக்கு மேல எங்க தூங்குறது? சும்மா புரண்டுட்டு கெடக்குறதுக்கு வெளியவாவது போலாம்னு விடிஞ்சும் விடியாம ஏரிக்கரைல நடக்க ஆரம்பிச்சேன். முதல் பத்து நாள் ஒரு மண்ணும் மாறல. வீட்ல அழுததை ஏரிக்கரைல அழுதேன், அவ்ளோதான் வித்தியாசம்.

அப்புறம் ஒருநாள் ஒரு மீன்கொத்தி. காஞ்ச கிளைல உக்காந்து தண்ணியவே பாத்துட்டு இருந்துச்சு, பொத்துனு விழுந்து எந்திரிச்சு வந்துச்சு, வாய்ல ஒண்ணுமில்ல. இப்ப புடிக்குமா, இப்ப புடிக்குமானு நின்னு பாத்துட்டே இருந்தேன். எங்கயோ நாய் குரைச்சதும் பறந்து போயிருச்சு. அப்பதான் உறைச்சுது, இவ்ளோ நேரம் அம்மாவ நெனைக்கவே இல்லயேன்னு. பயங்கர குற்ற உணர்ச்சி வேற. ஆனா மறுநாள் அதைத் தேடித்தான் போனேன். மீன் கெடைச்சா அதைக் கிளைல பட்டு பட்டுனு அடிச்சுட்டுத்தான் முழுங்குதுன்னு ஒரு வாரம் கழிச்சு தெரிஞ்சுக்கிட்டேன் 🙂 தூக்கமும் மெல்ல 5 மணி வரைக்கும் நீண்டுச்சு.

பதில் 1

எனக்கு வேலை போனப்போ. இன்டர்வியூ மேல இன்டர்வியூ, எல்லாம் "சொல்லி அனுப்புறோம்" கேஸ்தான். வீட்ல இருந்தா எல்லாரும் மூஞ்சியப் பாக்குறாங்கன்னு கெணத்துப் பக்கம் போய் நிப்பேன், அங்க ஒரு மரம் பூரா தூக்கணாங்குருவிக் கூடு. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னிட்டு றெக்கைய அடிச்சுக் கத்துது, பொண்ணு வந்து உள்ள எட்டிப் பாத்து, புடிக்கலன்னா போயிட்டே இருக்கு! பாதில நின்ன கூடு எத்தனைன்னு எண்ணிட்டு இருந்தேன், 14. அன்னிக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சேன். டேய் உனக்குமாடான்னு.

பதில் 2

நடக்க முடிஞ்சவங்க குடுத்து வச்சவங்க. எனக்கு முதுகு ஆபரேஷன், மூணு மாசம் கட்டில்தான். ஜன்னல் வழியா ஒரே ஒரு மரம். கடுப்புல சொந்தக்காரப் பையன்கிட்ட பொலம்புனதுக்கு அவன் ஒரு ஆராய்ச்சியப் பத்தி சொன்னான், 1984ல ரோஜர் உல்ரிச்ங்கறவர் வெளியிட்டது, பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள்ல ஜன்னல்ல மரம் தெரிஞ்சவங்க, செங்கல் சுவரு தெரிஞ்சவங்களவிட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்களாம், ஸ்ட்ராங்கான வலி மாத்திரையும் கம்மியாத்தான் கேட்டாங்களாம். மொத்தம் 46 பேர்தான், அதனால பெருசா தலைல தூக்கி வச்சுக்க வேணாம். ஆனா அதுக்கப்புறம் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிட்டேன். இன்னொண்ணு, எனக்கு மனசுக்கும் மாத்திரை ஓடிட்டு இருந்துச்சு, மரத்தைப் பாத்துட்டு அதை நிறுத்தல. யாரும் நிறுத்திறாதீங்க.

முதல்ல எழுதுனவங்க

கட்டிலைத் திருப்பிப் போட்டது சூப்பர்ங்க. அது என்ன மரம்?

பதில் 2

பேர் தெரியலங்க. ரெண்டு காக்கா தெனமும் அதுல சண்டை போடும். இப்ப நடக்குறேன், கீழ போய் நின்னு அண்ணாந்து பாத்தா ஜன்னல்ல தெரிஞ்ச மரம் மாதிரியே இல்ல.