கைக்குழந்தைக்குப் பின்னிக் கொடுத்த பரிசு: மறக்க முடியாத ஓர் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

குன்னூர்க்காரி:

நான்கு வயதில் ஒரு மகனும் ஒன்றரை வயதில் ஒரு மகளும் இருக்கும் வீட்டில் பின்னூசியை எந்த நேரத்தில் கையில் எடுக்க முடியும் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்; அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். கணவரின் சித்தப்பா மகளுக்குச் சென்னையில் குழந்தை பிறந்திருந்தது. தொட்டில் போடும் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வெளிர்மஞ்சள் அக்ரிலிக் நூலில், நான்கு பிளை, பத்தாம் எண் ஊசி, முன்பக்கம் திறக்கும் சிறிய ஸ்வெட்டர் ஒன்றைத் தொடங்கினேன். முதுகுப் பகுதிக்கு 68 கண்ணிகள், அதாவது ஊசியில் ஏற்றும் நூல் வளையங்கள். நாற்பது வரிசைகள் முடிந்திருந்த ஒரு நாள், அடுப்பில் பால் பொங்குகிறதே என்று எழுந்து போய்த் திரும்புவதற்குள் மகள் ஊசியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடியும் முதலிலிருந்து பின்னினேன். பொத்தான் வாங்கப் போனபோது மகனையும் கூட்டிக்கொண்டு போனேன்; கடைக்காரர் கொட்டிக் காட்டிய டப்பாவில் கைவிட்டுத் துழாவி, யானை வடிவத்தில் நீல நிறப் பொத்தான்கள் ஐந்தை அவனே பொறுக்கி எடுத்தான்.

மூன்று மாதம் கழித்துச் சென்னைக்குப் போயிருந்தோம். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பெரிய பஞ்சுக் கரடி ஒன்று என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கைகள் நுழையாததால் முன்பக்கத்தை மட்டும் இழுத்துப் பொத்தான் போட்டிருந்தார்கள். எனக்கு அது பெரிய வருத்தமாகக்கூடத் தோன்றவில்லை. சென்னை வெயிலில் வேறு என்னதான் செய்வார்கள்? ஆனால் மகன் அலமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாக, "அம்மா, இந்தக் கரடிக்காகவா என் யானையை எடுத்து வெச்சு தைச்சே?" என்றான். அந்தப் பொத்தான்கள் தனக்குத்தான் என்று அவன் நினைத்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மாதம் இரவு பத்து மணிக்கு மேல் அவனைத் தூங்கு தூங்கு என்று அதட்டிவிட்டுப் பின்னியது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் என் கண்முன் வந்து நின்றது.

மதுரை மல்லி:

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் தவறு நூலிலேயே தொடங்கிவிட்டது. சென்னைக் குழந்தைக்கு அக்ரிலிக் ஸ்வெட்டர் பின்னினால் கரடிதான் போட்டுக்கொள்ளும். என் அக்கா மகனுக்கு நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்துவிட்டது என்று அக்கா தொலைபேசியில் சொன்ன அன்றே அந்த நூலைத் தொடுவதை விட்டேன். என் கதை அவ்வளவுதான்.

இனிமேல் பின்னுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் வாழும் குழந்தைக்குப் பருத்தி நூல் மட்டுமே ஏற்றது; அதையும் பின்னுவதற்கு முன் ஒரு சிறு துண்டு பின்னித் துவைத்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பருத்தி நீளவாக்கில் சுருங்கும், அடர்நிறமாக இருந்தால் சாயமும் போகும். அக்ரிலிக்கைப் பின்னி முடித்த பிறகு இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்துவிடாதீர்கள். சூட்டில் நூல் தளர்ந்து துவண்டுபோனால் பிறகு பழைய வடிவம் திரும்பாது. உண்மையான கம்பளி என்றால் வெந்நீரில் அலசவே கூடாது. பெரியவர் கால் நுழைந்த காலுறை பொம்மைக் காலுறையாகிவிடும். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் இருக்கும். ஆறு மாதத்தில் அது 43 அளவுக்கு வளர்ந்துவிடும். ஆகவே குல்லாவைப் பிறந்த அளவுக்குப் பின்னினால் நீங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது சிறுத்துவிடும். ஆறு மாத அளவுக்குப் பின்னுங்கள். குல்லாவுக்கு நாடா வைக்காதீர்கள், கழுத்தில் சிக்கும். தூங்கும் குழந்தைக்குக் குல்லா போடாதீர்கள் என்பதையும் பரிசோடு சேர்த்துச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் போடச் சொல்வது வேறு விஷயம். குழந்தைகள் ஊசியை உருவுவார்கள் என்று தெரிந்தால், பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிற மெல்லிய நூலை எல்லாக் கண்ணிகளின் ஊடேயும் கோத்து விடுங்கள். ஊசி போனாலும் அந்த வரிசைக்குக் கீழே பிரியாது. கடைசியாக ஒன்று: யானை வடிவப் பொத்தான் கைக்குழந்தையின் உடையில் இருக்கவே கூடாதது. பிய்த்து வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையை அடைக்கும். அதைக் கரடிக்குப் போட்டவர்கள் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார்கள்.

நாஞ்சில் தாய்:

மதுரை மல்லி அவர்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் குன்னூர்ச் சகோதரி தன் மகனைப் பற்றி எழுதினார். பதில் பொத்தானைப் பற்றி வந்திருக்கிறது.

பாதுகாப்பு என்று பேச்சு வந்துவிட்டதால் நானும் எழுதிவிடுகிறேன். என் இரண்டாவது மகனுக்கு அப்போது நான்கு மாதம். மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சின்னவனை மடியில் போட்டுக்கொண்டே இரண்டு நிறத்தில் பூ வடிவம் வரும் காலுறைகள் பின்னிப் பழகினேன். முதல் ஜோடியைப் பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றிருந்த தோழிக்குக் கொடுத்தேன். இரண்டாவது ஜோடியை இவனுக்கே போட்டேன். ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு எட்டு மணிவரை அழுதான். வயிற்று வலி என்று மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான் முதுகில் தட்டினேன், தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். காலுறையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அது அவ்வளவு அழகாக இருந்தது. கடைசியில் ஈரமாகிவிட்டதே என்று உருவியபோது, வலது காலின் இரண்டாவது விரல் கோவைப்பழம்போல் சிவந்து வீங்கியிருந்தது. நிறம் மாற்றும் இடத்தில் உள்பக்கமாகக் குறுக்கே ஓடும் இழை ஒன்று விரலைச் சுற்றி இறுகி, தோலுக்குள் புதைந்து, கண்ணுக்கே தெரியவில்லை. மருத்துவமனையில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டுதான் அந்த இழையைத் தேடி வெட்டினார்கள். விரல் பிழைத்துவிட்டது. தலைமுடிகூட இப்படிச் சுற்றிக்கொள்ளும் என்றும், காரணம் தெரியாமல் விடாமல் அழும் குழந்தையின் கால் விரல், கை விரல், ஆண் குழந்தையென்றால் பிறப்புறுப்பு உட்பட எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றும் அந்த மருத்துவர் சொன்னார்.

வீடு திரும்பும் ஆட்டோவில் எனக்குத் தோழியின் குழந்தை நினைவுக்கு வந்தது. இரவு பதினொரு மணி. "நான் கொடுத்த காலுறையைப் போடாதே" என்று எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் மூன்று முறை எண்களை அழுத்தி அழுத்தி நிறுத்தினேன். நான்காவது முறை எடுத்தாள். சொன்னேன். அவள், "அதையா? இன்னும் கவரையே பிரிக்கலையேடி" என்றாள். உயிர் வந்தது. அடுத்த நிமிடமே, ஒன்றரை மாதமாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையா என்று முகம் சுண்டியது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள் வந்தன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது ஒற்றை நிறத்தில்தான் பின்னுகிறேன். கொடுக்கும் முன் உள்பக்கத்தைப் புறமாகத் திருப்பி, என் சுண்டுவிரலை விட்டுத் துழாவிப் பார்க்கிறேன்.

காவிரிக்கரை:

பிறப்பதற்கு முன்னால் பின்னலாமா என்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று எதையும் வாங்க மாட்டார்கள். பிறந்ததும் முதலில் போர்த்துவது தாத்தாவின் பழைய வேட்டித் துணிதான். அது தெரிந்தும், நாத்தனாருக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே நான் போர்வை ஒன்றைக் குரோஷாவில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலில், தொடங்கிவிட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பிறந்த பிறகு தொடங்கினால் அந்தக் குழந்தையின் ஆண்டு நிறைவுக்குத்தான் முடியும் என்பது என் கணக்கு. மாமியார் கண்ணில் படாமல் இருக்க, காலியாகக் கிடந்த பழைய அரிசி டிரம்மில் வைத்திருந்தேன்.

வளைகாப்பு அன்று, கூடம் நிறையப் பெண்கள் இருக்கும்போது, என் மூன்று வயது மகள் நாத்தனாரின் வயிற்றில் கை வைத்து, "பாப்பா, ஒனக்கு அம்மா அரிசி டிரம்முல போர்வை ஒளிச்சு வெச்சிருக்கா" என்று சொல்லிவிட்டாள். சிலர் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. விருந்தினர்கள் போன பிறகு டிரம்மைத் திறந்து போர்வையை எடுத்து என் மடியில் வைத்து, "பிரிச்சுடும்மா" என்றார், அவ்வளவுதான். நான் பிரித்தேன். குரோஷா எவ்வளவு வேகமாகப் பிரியும் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு மாத வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. மகளுக்கு அது விளையாட்டு. ஓடி ஓடி நூலைச் சுற்றினாள். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து கடைசிக் கண்ணிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனாருக்கு அதற்கு முன் எட்டாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது என்பதையும், அப்போது ஆசையாக முன்கூட்டியே தொட்டில் வாங்கியது மாமியார்தான் என்பதையும் என் கணவர் அன்று இரவுதான் சொன்னார். திருமணமாகி ஐந்து ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன், ஒருவர்கூடச் சொன்னதில்லை. பிறகு ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிரித்த நூல் சுருள் சுருளாகக் கிடந்ததை நீள வளையமாகச் சுற்றிக் கழியாக்கி, தண்ணீரில் நனைத்து, கீழே ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்கி, அதே போர்வையை மறுபடி பின்னினேன். புண்ணியாகவாசனத்துக்கு முடியவில்லை. ஆண்டு நிறைவுக்குத்தான் முடிந்தது.

வடபழனி ஊசி:

எல்லாரும் சும்மா கொடுப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் விலைக்குப் பின்னுகிறவள். அதனால் எனக்குப் பரிசு என்ற சொல்லே கொஞ்சம் கசக்கும். 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வை கின்னஸ் சாதனையாகப் பதிவானது நினைவிருக்கும். அதற்குச் சதுரங்கள் பின்னியவர்களில் நானும் ஒருத்தி. என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். இடது முழங்கையில் அவள் தலை, வலது கையில் கொக்கி. அந்தப் பழக்கத்தில்தான் பிறகு வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்கத் தொடங்கினேன்.

என் அனுபவம் சிறியது. தூரத்து உறவினர் ஒருவர் தன் பேரனுக்குக் குல்லா, கையுறை, காலுறை, போர்வை என்று ஒரு செட் கேட்டார். நூலுக்கு 600 ரூபாய், பதினொரு நாள் வேலை. 1,800 ரூபாய் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்து, கடையில் இதே செட் 350 ரூபாய்க்குக் கிடைப்பதைப் படமாகக் காட்டினார். அது இயந்திரத்தில் பின்னியது என்றேன். "நீங்களும் வீட்டுல சும்மாதானே இருக்கீங்க" என்றார். அப்போது என் இடுப்பில் மகள் இருந்தாள், குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. கொடுத்தது 1,000 ரூபாய். வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, குன்னூர்ச் சகோதரிக்கு நான் சொல்வது, அடுத்த முறை வெள்ளிக் கிண்ணம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு இரவில் தூங்குங்கள்.

மதுரை மல்லி:

நாஞ்சில் தாய் அவர்களுக்கு: பொத்தானைப் பற்றி எழுதியதும் குழந்தையைப் பற்றி எழுதியதுதான். உங்கள் அனுபவத்தைப் படித்த பிறகு என் பழைய காலுறைகள் எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டில் இழை தொங்கியது. வெட்டிவிட்டேன்.

வடபழனி அவர்களுக்கு: நூலின் விலையை மூன்றால் பெருக்குவது பின்னலுக்குக் கட்டாது. மணிக்கணக்கு வைத்து விலை சொல்லுங்கள். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் கண்ணி ஏற்றாதீர்கள். உறவினராக இருந்தால் முழுப் பணத்தையும் வாங்கிவிடுங்கள்.

குன்னூர்க்காரி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மல்லி அவர்களே, கரடிக்குப் போட்டது நல்லதுதான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு மகள் எதையெல்லாம் வாயில் போடுகிறாள் என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டேன். வேறு நிற நூல் கோக்கும் யோசனையைச் செய்துபார்த்தேன், உதவியது.

சென்னையிலிருந்து வந்த வாரமே மகனுக்கு ஒரு ஸ்வெட்டர் தொடங்கினேன். குன்னூரில் அக்டோபர் முதலே தேவைப்படும் என்பதால் இவனுக்கு அது வீணாகவும் போகாது. அதே கடையில் யானைகள் தீர்ந்துவிட்டன. முயல்தான் இருந்தது, வேண்டாம் என்றுவிட்டான். இப்போது இரவு பத்து மணிக்குக் காத்திருக்காமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையும்போதே பின்னுகிறேன். தினமும் ஒருமுறை, "இது யாருக்கு?" என்று கேட்கிறான். உனக்குத்தான் என்கிறேன். நேற்று, கை அளவு பார்ப்பதற்காக அவன் முதுகோடு வைத்துப் பிடித்திருந்தபோது, அசையாமல் நின்றபடியே கேட்டான்: "நான் போட்டுப் பார்த்ததுக்கப்புறம் யாருக்கும்மா குடுக்கணும்?"