பொங்கல் லீவுல பசங்கள எங்க கூட்டிட்டுப் போறது? (வேளச்சேரி குடும்பம் குரூப்)

சுதா: பொங்கல் லீவு வருது. ரெண்டும் இப்பவே டிவியே கதின்னு கிடக்குதுங்க. 8 வயசுக்கும் 4 வயசுக்கும் ஒத்து வர்ற மாதிரி வெளி எடம் சொல்லுங்க. பாட்டியும் வர்றாங்க, ரொம்ப நடக்க முடியாது. ஒரு நாளைக்கு 400 ரூபாய்க்கு மேல போகக் கூடாது. மால் மட்டும் சொல்லாதீங்க 🙏

கணேசன் மாமா: காணும் பொங்கல் அன்னிக்கு எங்கயும் கிளம்பாத. மெரினாவும் வண்டலூரும் அன்னிக்குத் திருவிழாக் கூட்டம். போலீஸே பசங்க கையில போன் நம்பர் எழுதின பட்டை கட்டி விடுறாங்கன்னா பாத்துக்கோ. மத்த நாள் எதுன்னாலும் சரி.

சுதா: சரி மாமா. வண்டலூர் வேற நாள் போலாமா?

கணேசன் மாமா: பெரியவங்களுக்கு தலைக்கு 200. நீ, ரவி, பாட்டி, 600 அங்கயே போச்சு. அதோட உள்ள நடந்து மாளாது. சின்னவன் பாதியில தூக்கச் சொல்லுவான். கிண்டி சிறுவர் பூங்கா போ. பெரியவங்களுக்கு 60, 5லேர்ந்து 12 வரைக்கும் 10, சின்னவனுக்கு டிக்கெட் இல்ல. 190 ரூபாய்ல முடிஞ்சிடும். மான், பறவை, விளையாட்டு எல்லாம் ஒரே வளாகம். பாம்புப் பண்ணை பக்கத்துலயே, அதுக்கு டிக்கெட் தனி.

மாலா அத்தை: செவ்வாக்கிழமை லீவு! அதையும் சொல்லுங்க. வண்டலூரும் அப்படித்தான். பண்டிகை சமயத்துல சில செவ்வாய் திறந்து வைப்பாங்க, பாத்துட்டுப் போகணும். மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, லைட் ஹவுஸ் திங்கக்கிழமை லீவு. மூணையும் குழப்பிக்கிட்டு கேட்டுக்கு முன்னாடி நின்னுட்டுத் திரும்புறவங்க நிறைய.

கணேசன் மாமா: ஆமா. பஸ்ல போறதுன்னா சாதா கட்டண வண்டியா பாத்து ஏறு. பல வண்டியில முகப்புல ரோஸ் கலர் அடிச்சிருக்கும். உனக்கும் பாட்டிக்கும் பெரியவளுக்கும் காசே இல்ல. டீலக்ஸ், ஏசில அந்தச் சலுகை கிடையாது. அஞ்சு வயசு வரைக்கும் பஸ்ல டிக்கெட் இல்ல. ரவிக்கு மட்டும் முழு டிக்கெட் 😄

கணேசன் மாமா: மெட்ரோவுல மட்டும் கணக்கு வேற, வயசு இல்ல, உயரம். 90 செ.மீக்குக் கீழ இருந்தாதான் இலவசம். நாலு வயசுப் பையன் அதைத் தாண்டியிருப்பான், டிக்கெட் எடுத்துடு.

கார்த்தி: அண்ணி, பக்கத்துலயே பள்ளிக்கரணை இருக்கே? சதுப்பு நிலம். 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல சேர்த்தாங்க. இப்ப தான் சீசன், நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும். வெளியூர்ப் பறவையெல்லாம் வந்திருக்கும்.

சுதா: நாத்தம் அடிக்குமே அங்க 😷

கார்த்தி: குப்பைமேட்டுப் பக்கம் அடிக்கும். ரேடியல் ரோட்டு ஓரமா சுற்றுச்சூழல் பூங்கா இருக்கு, அதுல உள்ள போயிடுங்க. ரோட்டோரம் வண்டிய நிறுத்திப் பாக்காதீங்க, பசங்களோட அது ஆபத்து, லாரி விரட்டிக்கிட்டு வரும்.

கார்த்தி: காலைல சீக்கிரம் போனா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒன்பதரைக்கு மேல பறவை அடங்கிடும், வெயில்ல தண்ணி மினுங்கி ஒண்ணும் தெரியாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்னா கலர் தெரியும், எதிர்ல இருந்தா எல்லாம் கறுப்பு நிழல் தான். வெள்ளை, சிவப்பு சட்டை வேண்டாம். பச்சை, காக்கி மாதிரி மங்கலா இருக்கட்டும்.

சுதா: பைனாகுலர் இல்லையே டா

கார்த்தி: வேணாம். பெரிய பறவையே போதும். நாலு வயசுக்கு "பூநாரை எங்க"ன்னு தேடச் சொன்னா அழுதுடுவான், அது வந்த அன்னிக்கு தான் கண்ணுல படும். நீலத் தாழைக்கோழிய காட்டுங்க. நீல உடம்பு, சிவப்பு மூக்கு. கிளி மாதிரி ஒரு கால்ல தண்டைப் பிடிச்சுக்கிட்டு கடிச்சுத் தின்னும், அதை ஒரு தடவை பாத்தா பையன் நகர மாட்டான். அப்புறம் நீளவால் இலைக்கோழி. விரல் அவ்ளோ நீளம், தாமரை இலை மேல முழுகாம நடக்கும். முட்டைய அடைகாக்குறது ஆண். பேருல வால் இருந்தாலும் இப்ப தை மாசத்துல வால் இருக்காது, அது குஞ்சு பொரிக்கிற பருவத்துக்கு மட்டும் வளர்றது. பெரியவ கண்டிப்பா கேப்பா, அதான் முன்னாடியே சொல்றேன்.

மாலா அத்தை: கார்த்தி ஆரம்பிச்சுட்டான்

மாலா அத்தை: சாப்பாட்டு விஷயத்துக்கு வா சுதா. டிக்கெட்டுல மிச்சம் பிடிச்சத ஐஸ்கிரீம்லயும் ஆட்டோவுலயும் விட்டுடாதீங்க. வெளியில நாலு பேருக்கு ரெண்டு ஜூஸ், ஒரு சிப்ஸ் வாங்கினாலே 200 போயிடும். கையில கட்டிக்கிட்டுப் போ.

மாலா அத்தை: தயிர் சாதம் மத்தியானம் புளிச்சுப் போறதுக்குக் காரணம் தயிரை அள்ளி ஊத்துறது. ஒரு டம்ளர் அரிசிக்கு மூணரை டம்ளர் தண்ணி விட்டு குழைய வேக வச்சு, சூட்டுலயே மசிச்சுடு. கை பொறுக்குற சூட்டுக்கு வந்தப்புறம் ஒன்றரை டம்ளர் காய்ச்சி ஆறின பால், ரெண்டே ஸ்பூன் தயிர். பன்னெண்டு மணிக்கு தயிர் சாதமா இருக்கும். கொதிக்கிற சூட்டுல தயிர் போட்டா திரிஞ்சுடும். டப்பாவை நிரப்பாத, கொஞ்ச நேரத்துல பால உறிஞ்சி இறுகிடும், கலந்து விட இடம் வேணும். இது மூணு பேருக்கு. பாட்டிக்கு எலுமிச்சை சாதம் தனி.

சுதா: அத்தை, அதுல வெள்ளரிக்கா துருவிப் போடலாமா?

மாலா அத்தை: போட்டா தண்ணி விட்டு கெட்டுப் போகும். தனி டப்பாவுல, சாப்பிடும்போது. பிளாஸ்டிக் கவர் வேணாம், கிண்டியில கேட்டுலயே பிடுங்கி வச்சுடுவாங்க. ஸ்டீல் டப்பா, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி. டாய்லெட் எங்கன்னு உள்ள போன உடனே பாத்து வை, சின்னவன் சொல்ற நேரத்துக்குத் தேட முடியாது.

ரவி: பீச்சும் ஒரு நாள்?

கணேசன் மாமா: பெசன்ட் நகர் போங்க. மெரினாவுக்கு ரயில்ல போனா லைட் ஹவுஸ் ஸ்டேஷன்னு பேரைப் பாத்து இறங்கிடுவீங்க, அங்கேர்ந்து கடல் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நம்ம கடல் கிழக்க பாக்குறது, சூரியன் கடல்ல மறையாது, அதுக்கு உதயம் தான். பொங்கல் சமயத்துல ஆறரைக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன.

கார்த்தி: இல்லன்னா பௌர்ணமி சாயங்காலம் போங்க அண்ணி. தைப்பூசத்த ஒட்டி வருது. சூரியன் முதுகுக்குப் பின்னாடி மறையும்போதே நிலா கடல்லேர்ந்து எழும்பும். அடுத்த நாள்னா ஒரு 50 நிமிஷம் தள்ளிப் போயிடும்.

கணேசன் மாமா: தண்ணியில கணுக்கால் வரைக்கும் தான். அலை திரும்பும்போது காலடி மணலை அரிச்சுக்கிட்டு போகும், அங்க தான் குழந்தை கவிழும். கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்காதீங்க. ஒருத்தர் ஒரு பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், போன் பையில. மாத்து டிரஸ் ரெண்டு பேருக்கும்.

சுதா: ஆமை முட்டை பாக்குற வாக் ஒண்ணு போவாங்களாமே?

கார்த்தி: அது ராத்திரி தாமதமா ஆரம்பிச்சு கடல்கரையோரமே கிலோமீட்டர் கணக்கா நடக்கிறது. ரெண்டு பேருக்கும் ஆகாது. குஞ்சு பொரிச்சு கடல்ல விடுறத பாக்கலாம், அது மார்ச் ஏப்ரல்ல, சாயங்காலம். முட்டை பொரிய 45லேர்ந்து 60 நாள் ஆகும். அப்ப போனா போன் டார்ச் அடிக்கக் கூடாது, குஞ்சு வெளிச்சத்துப் பக்கம் திரும்பிடும்.

சுதா: சரி. சனி பள்ளிக்கரணை, ஞாயிறு கிண்டி, பீச்சு பௌர்ணமிக்கு. ரவி, சாயங்காலம் வரும்போது பால் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க.

ரவி: 👍

மாலா அத்தை: பால் ராத்திரியே காய்ச்சி ஆற வச்சுடு சுதா. காலைல நேரம் இருக்காது.