அப்பாவுக்கு ஆறு மாதத்தில் எட்டரை கிலோ குறைந்துவிட்டது, சுகர்தான் காரணமா?

விருதுநகர்_பொண்ணு

அப்பாவுக்கு 59 வயது. விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், பதினோரு வருடமாகச் சுகர் உண்டு. நான் கோவையில் வேலை பார்க்கிறேன், தைப்பொங்கலுக்கு லீவு கிடைக்காமல் இப்போது பங்குனிப் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட வந்தவரை சத்தியமாக எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, பைக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆயுதபூஜைக்குக் கடையைக் கழுவும்போது பெரிய எலக்ட்ரானிக் தராசில் வீட்டில் எல்லாரும் ஏறி நின்று எடை பார்ப்பது எங்கள் வழக்கம். கடைப் பையன் அதைச் சுவரில் பென்சிலால் எழுதி வைப்பான். அப்பா பெயருக்கு நேராக 74.3 என்று இருக்கிறது. நேற்று வற்புறுத்தி ஏற்றினேன், 65.6. பெல்ட்டில் ஆணியைச் சுட்டு இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டிருக்கிறார்.

இதில் கொடுமை என்னவென்றால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "அண்ணாச்சி, சுகரை நல்லா கட்டுக்குள்ள வச்சிருக்கீங்க, உடம்பு சிக்குன்னு ஆயிருச்சு" என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அம்மாவும் அதை நம்பி ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு சப்பாத்தியோடு முடித்துவிடுகிறார். தினமும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையோ என்னவோ. அப்பாவிடம் கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அலைச்சல்" என்கிறார். இது சுகரால் வருவதா, வேறு ஏதாவதா? முதலில் எந்த டாக்டரிடம் போவது?

மொட்டைமாடி

பயப்படாதீங்க சகோ. அறுபதை நெருங்கினால் சதை குறைவது சகஜம், எங்க மாமாவும் அப்படித்தான் ஆனார், இப்ப நல்லாத்தான் இருக்கார். சுகர் இருக்கிறவர் இளைத்தால் நல்லதுதான். காலையில் சத்துமாவுக் கஞ்சி, மாலையில் ஒரு கைப்பிடி நிலக்கடலை கொடுங்க, ஒரு மாசத்தில் தேறிடுவார். முக்கியமா கூகுளில் தேடாதீங்க, தலைவலின்னு தேடினாலே கேன்சரில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

வார்டு_பதினேழு

மேலே சொன்ன சகோ நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் ஸ்டாஃப் நர்ஸ், மருத்துவப் பிரிவில்தான் பெரும்பாலும் வேலை. வயதானால் சதை குறையும், உண்மை, ஆனால் அது வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. நடையோ டயட்டோ இல்லாமல், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு. உங்கள் அப்பாவுக்கு 5 சதவீதம் என்றால் 3.7 கிலோ. போயிருப்பது 8.7. கிட்டத்தட்ட 12 சதவீதம். ராத்திரிச் சோற்றை நிறுத்தியதால் மட்டும் இவ்வளவு போகுமா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள், அந்தச் சப்பாத்தி எப்போது ஆரம்பித்தது, இளைப்பதற்கு முன்பா பின்பா?

சுவரில் எழுதி வைத்தது பெரிய புண்ணியம் தங்கச்சி. நிறையப் பேர் "சட்டை லூசாயிருச்சு"ன்னுதான் வருவார்கள், எப்போது, எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

அடுத்து நான் கேட்கிற கேள்வி, பசி எப்படி இருக்கிறது? இது ஒன்றே பாதி வழியைக் காட்டிவிடும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார் என்றால் சுகர் தாறுமாறாக ஏறியிருக்கலாம் (ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருப்பார், தாகம் இருக்கும்), தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், அல்லது சாப்பிட்டது உடம்பில் சேராமல் எண்ணெய்ப் பசையோடு மலத்தில் போகலாம், கணையம் கெட்டால் அப்படி. சாப்பாட்டைக் கண்டாலே வெறுக்கிறார் என்றால் அது வேறு பட்டியல். டிபி, வயிறு, கல்லீரல், கிட்னி, கேன்சர், அப்புறம் மனசு. மனசை யாரும் கேட்பதே இல்லை. கடை நடத்துகிறவர், கடன் ஏதாவது இருக்கிறதா, தூங்குகிறாரா என்று பாருங்கள். பல்லையும் பாருங்கள், கடிக்க முடியாமல் இளைத்தவர்களும் உண்டு.

மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சமீபத்தில் சுகர் மாத்திரை மாற்றினார்களா? டாபாகிளிஃப்ளோசின் மாதிரிச் சில மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், எடை கொஞ்சம் குறையும், ஆனால் சாதாரணமாக இரண்டு மூன்று கிலோவோடு நின்றுவிடும். எட்டரை கிலோவை அதன் தலையில் கட்ட முடியாது.

ஸ்பெஷலிஸ்டைத் தேடி அலைய வேண்டாம், முதலில் ஒரு பொது மருத்துவரே போதும். இன்னொன்று, இன்றிலிருந்து ஒரு வாரம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காலையில் வைத்துப் பிரயோஜனம் இல்லை.

கோலமாவு

எங்க அம்மா கதை. மூணு வேளையும் நல்லாச் சாப்பிடுவாங்க, பசி அடங்காது, ஆனா எடை இறங்கிக்கிட்டே போச்சு. எல்லாரும் கண்ணு பட்டிருச்சுன்னு சொல்லி சுத்திப் போட்டாங்க. எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு மார்கழியில். அம்மா கை கோலத்துக்குப் பேர் போனது, புள்ளி வச்சு இழுத்தா ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். அந்த வருஷம் இழையெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு வந்தது, கேட்டா "மாவு நைஸா இல்ல"ன்னாங்க. கையை நீட்டச் சொல்லி மேல ஒரு பேப்பரை வச்சேன், பேப்பர் படபடன்னு ஆடுச்சு. மார்கழிக் குளிர்ல ஃபேன் வேற வேணும் அவங்களுக்கு.

தைராய்டைத் தூண்டுற டிஎஸ்ஹெச் ஹார்மோனை ரத்தத்துல பார்த்தோம், கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தைராய்டு அதிகமா சுரந்தா டிஎஸ்ஹெச் குறையும், தலைகீழ் கணக்கு, எங்களுக்கும் அப்பதான் தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி இதயப் படபடப்புன்னு ஒரு ஆஸ்பத்திரியில எட்டு மாசம் மாத்திரை வேற சாப்பிட்டாங்க, யாரும் எடையைக் கேட்கவே இல்லை. அப்பாவுக்கும் கையை நீட்டச் சொல்லிப் பாருங்க, காசா பணமா.

கரிசல்_காடு

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம், ஆனால் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். என் பெரியப்பா இளைத்தபோது ஊரே "சீனி வியாதிக்கு அப்படித்தான்" என்றது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை நகர்த்திவிடுவார். பெரியம்மா அதை ருசிக் கோளாறு என்று நினைத்துக் குழம்பை மாற்றி மாற்றி வைத்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மூன்று மாதம் வாயு மருந்துதான் ஓடியது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை வெட்கப்பட்டுச் சொல்லவே இல்லை. எண்டோஸ்கோபி பண்ணும்போது வயிற்றுக் கேன்சர் பரவிவிட்டிருந்தது. மூன்று மாதம் முன்னால் பார்த்திருந்தால் என்று இன்றைக்கும் பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அப்பாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். விழுங்கும்போது அடைக்கிறதா, மலம் கறுப்பாகவோ ரத்தத்தோடோ போகிறதா, மலம் போகிற வழக்கம் மாறியிருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, கழுத்திலோ அக்குளிலோ கட்டி தட்டுப்படுகிறதா. வெற்றிலை புகையிலைப் பழக்கம் இருந்தால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். பெண் பிள்ளையிடம் சொல்ல மாட்டார் என்றால் அண்ணன் தம்பி யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

விருதுநகர்_பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

கை நடுக்கம் இல்லை. கறுப்பு மலம், அடைப்பு எதுவும் இல்லையாம் (சித்தப்பாதான் கேட்டார்). புது மாத்திரையும் இல்லை, பழைய மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும்தான். சாப்பாடு பிடிக்கவில்லை என்பதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறார். சப்பாத்தி விஷயம் நீங்கள் சொன்னது சரி அக்கா, முதலில் அவர் சோறு வேண்டாம் என்று சொன்னார், அதற்குப் பிறகுதான் அம்மா நிறுத்தினார். நான் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

தெர்மாமீட்டர்தான் என்னை உலுக்கிவிட்டது. காலையில் 98.2. சாயங்காலம் 99.9, மறுநாள் 100.3, நேற்று 100.1. அப்பாவுக்குக் காய்ச்சல் இருப்பதே தெரியவில்லை, கடையில் நின்று வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்! அப்புறம் அம்மா தலையணை உறையைத் தினமும் மாற்றுகிறார் என்று கவனித்தேன். கேட்டால் ராத்திரி வேர்த்து நனைந்துவிடுகிறதாம், கரண்ட் போய்ப் போய் வருகிறது, அதனால் என்றார். அம்மா அதே அறையில்தான் படுக்கிறார், அவருக்கு வேர்க்கவில்லை.

இருமல் இருக்கிறது. ஆனால் எங்கள் கடையில் மிளகாய் வற்றல் மூட்டை பிரிக்கும்போது எல்லாருக்கும் இருமல்தான், எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அப்பா இருமிக்கொண்டுதான் இருக்கிறார். அதை யார் கணக்கில் எடுப்பார்கள்?

வார்டு_பதினேழு

தங்கச்சி, நாளைக்கே போங்கள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, பசியின்மை, எடை இறக்கம், இருமல், அதோடு பதினோரு வருடச் சுகர். டிபி இல்லை என்று உறுதியாகும் வரை டிபி என்றுதான் நான் நினைப்பேன். சுகர் இருப்பவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இன்னும் மோசம், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். வற்றல் தும்மல் இருமல் எல்லாம் மூட்டையைக் கட்டினதும் நிற்க வேண்டும், வீட்டுக்கு வந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அது வற்றல் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியிலேயே நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை இலவசம். சளி கொடுக்கிறதிலும் விஷயம் இருக்கிறது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வருகிற கெட்டிச் சளியைக் கொடுக்கச் சொல்லுங்கள், திறந்த வெளியில் நின்று. மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதோடு விடாமல் மூலக்கூறு பரிசோதனையும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) செய்யச் சொல்லிக் கேளுங்கள், சீக்கிரம் தெரியும், டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கூடவே ரத்தத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரி), ஹீமோகுளோபின், இஎஸ்ஆர், கிட்னி, கல்லீரல், டிஎஸ்ஹெச், எச்ஐவி எல்லாம் எடுக்கச் சொல்வார்கள். எச்ஐவி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், டிபி சந்தேகம் என்றால் எல்லாருக்கும் எடுப்பதுதான். எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் விட்டுவிடாதீர்கள், அப்போது வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று போக வேண்டியிருக்கும், கரிசல் சகோ சொன்னதை மறக்க வேண்டாம். எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சில மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லி எடை பார்ப்பார்கள்.

நடுவில் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சில மருந்துகள் டிபி கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், நோய் மறைந்துகொள்ளும்.

மொட்டைமாடி

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். மாமாவையும் நாளைக்கு எடை பார்க்கச் சொல்லியிருக்கேன்.

விருதுநகர்_பொண்ணு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், லீவை நீட்டி ஓடிக்கொண்டே இருந்தேன். டிபிதான். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் நிழல், சளியிலும் கிருமி. நல்லவேளை ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற வகை. ஹெச்பிஏ1சி 10.8. கட்டுக்குள் இருக்கிறது என்று பாராட்டிய அத்தனை பேருக்கும் அந்தச் சீட்டைக் காட்டலாம் போல இருந்தது.

ஆறு மாத மருந்து. எடையைப் பார்த்துத்தான் மாத்திரை எண்ணிக்கை முடிவு செய்தார்கள். சாப்பாட்டுக்கு அரசிடமிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருமாம், முன்பு ஐநூறாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து கூட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முட்டை, பருப்பு, சுண்டல் என்று அம்மா இப்போது எதிர்ப்பக்கம் போய்விட்டார். காய்ச்சல் பத்தாவது நாளே நின்றுவிட்டது. நேற்றுத் தராசில் 66.4.

ஒரே ஒரு சிக்கல். அம்மா அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கழுவி ஒரு மூலையில் அவரே கவிழ்த்து வைக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. அது தேவையா அக்கா?

வார்டு_பதினேழு

தேவையே இல்லை. டிபி காற்றில்தான் பரவும், இருமும்போது. தட்டிலும் டம்ளரிலும் பரவாது, பழைய தட்டையே கொடுங்கள். அறையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும், டாக்டர் சொல்லும் வரை மாஸ்க் போடட்டும். தட்டைவிட முக்கியம் அம்மா, நீங்கள், அந்தக் கடைப் பையன், எல்லாரும் ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்வது. நீங்கள் கோவைக்குக் கிளம்புவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ரிஃபாம்பிசின் கிளிமிபிரைடின் வேகத்தைக் குறைத்துவிடும், அதனால் சுகரை அடிக்கடி பார்க்க வேண்டும், இன்சுலினுக்கு மாற்றினாலும் சண்டை போட வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே காட்டுங்கள், கல்லீரலைக் கவனிக்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம்தான். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.